அவள் சொன்னதை மட்டும்

மேரி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குப் பேசவில்லை. மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும். நான் சாப்பாட்டு மேசையில் முருங்கைக்காயை நறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் அந்தக் குவியலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, பையிலிருந்து இரண்டு விடைத்தாள் கட்டுகளை எடுத்து அருகருகே வைத்தார்.

இடது பக்கக் கட்டில் சிவப்பு மையில் எழுபத்திரண்டு. வலது பக்கக் கட்டில் பத்தொன்பது.

இரண்டும் அறிவியல். இரண்டும் வீட்டிலேயே வைத்த மாதிரித் தேர்வு. இரண்டும் என் மகள் வினோதினியுடையவை. அவள் கையால் எழுதியதல்ல, வாயால் எழுதியது. அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். எழுபத்திரண்டை எழுதியது நான். பத்தொன்பதை எழுதியது எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த இசக்கியம்மாள்.

"கலா, ஸ்டடி லீவும் விட்டாச்சு, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் இருபத்திமூணு நாள்தான் இருக்கு. இதுல வினோ பேப்பர் எதுன்னு நீயே சொல்லு" என்றார் டீச்சர்.

"இதுல இன்னா டீச்சர் சந்தேகம்? இதான்" என்று எழுபத்திரண்டின் மேல் கத்தியை வைத்தேன். "அது அந்த இசக்கி கிறுக்கினது. அவளுக்கு ஒழுங்கா எழுதத் தெரியல. நேத்தே நல்லா திட்டிட்டேன்."

டீச்சர் கத்தியை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார். "முதல்ல ரெண்டையும் சத்தமா படி" என்றார்.

படித்தேனா இல்லையா என்பதற்கு முன், இந்த வீட்டை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் நான் எழுதிய தண்ணீர் லாரிச் சண்டையைப் படித்தவர்களுக்குப் பாதி தெரியும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஷிப்டுக்கு ஓர் அடுப்பு

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன் எங்களுக்கு நிலம் இருந்தது, மாடி இல்லை. வந்த பிறகு மாடி வந்தது, நிலம் போனது. மாடியில் ஏழு அறை. அறைக்கு நான்கு பெண்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்து போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் கணவர் தனசேகர் அந்தப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். ஆக, பெண்கள் என் சோற்றைத் தின்றுவிட்டு என் புருஷன் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போவார்கள்.

ஏ ஷிப்டு காலை ஆறு மணிக்கு. பி ஷிப்டு மதியம் இரண்டுக்கு. சி ஷிப்டு ராத்திரி. என் அடுப்பு அணைந்ததே இல்லை. சாம்பார் கொதிக்கும் வாசனையும், ஈரத் தலைமுடியின் ஷாம்பு வாசனையும், மாடிப்படியில் ஓடும் செருப்புச் சத்தமும்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம்.

பதில் மட்டும் வராத கை

வினோ எங்களுக்கு ஒரே பெண். பாடத்தை ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும், மறுநாள் காற்புள்ளி இடத்தில் மூச்சு வாங்குவது உட்பட ஒப்பிப்பாள். அதையே எழுதச் சொன்னால் ஒரு வரி எழுத கால் மணி நேரம். அந்த வரியிலும் பாதி எழுத்து இருக்காது. அவள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். திமிர் என்று நினைத்தேன். நாலாம் வகுப்பில் ஒரு நாள் தோசைக் கரண்டியால் அடித்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் இந்தத் தொடருக்கே அர்த்தமில்லை.

ஒவ்வொரு வகுப்பையும் தட்டுத்தடுமாறித் தாண்டினாள். உறவில் ஆளாளுக்கு ஒரு யோசனை. மெட்ராஸில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம், கொண்டுபோய் விட்டுவிடு என்றார்கள். 'இந்த மாதிரி' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அந்தத் தாழ்ந்த குரல் வினோவுக்கும் நன்றாகக் கேட்கும்.

அவள் எட்டாவது படிக்கும்போது மேரி டீச்சர் அவள் வகுப்புக்கு வந்தார். ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "கலா, இது சோம்பேறித்தனம் இல்ல. மூளையில எழுத்தப் பிடிக்கிற இடத்துல மட்டும் ஒரு சிக்கல். டிஸ்லெக்சியான்னு பேரு. அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"அப்ப அந்தத் தனி ஸ்கூலுக்கு அனுப்பணுமா டீச்சர்?"

"எதுக்கு? அவ பெஞ்சு அங்கயேதான் இருக்கும். நான்தான் பாடம் நடத்துற விதத்த மாத்திக்கணும்."

மாற்றிக்கொண்டார். கேள்வியைப் பலகையில் எழுதியதோடு நிற்காமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு முறை படித்தார். வாயால் பதில் சொன்னாலும் மார்க் என்றார். பக்கத்து இருக்கைப் பெண் பலகையில் இருப்பதை வினோவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டலாம், அது பேச்சில் சேராது என்றார். வேடிக்கை என்னவென்றால், அந்த வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகள் பலகையைப் படிக்க முடியாமல் படித்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வினோவுக்காகச் செய்தது நாலு பேருக்கு ஆனது. எனக்கு அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் சிரிக்க வேண்டும் போல இருந்தது.

பிறகு காஞ்சிபுரத்துக்கு நடந்தோம், நடந்தோம், அப்படி நடந்தோம். டாக்டர்கள் சோதித்து சர்ட்டிபிகேட் கொடுத்தது அவள் பத்தாவது படிக்கும் வருஷம் பொங்கல் கழிந்துதான். பொதுத்தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. அவள் சொல்வதை எழுத ஓர் ஆளும் உண்டு. அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அதற்கு முந்தின அரையாண்டில் அவள் தன் கையால் எழுதி எல்லாப் பாடத்திலும் தோற்றிருந்தாள்.

நர்சிங் குரூப்

வினோவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அதே பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன்னில் நர்சிங் குரூப் இருந்தது. அதில் சேர வேண்டும்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாடியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் உட்காருகிறவள் வினோதான். ஓவர்டைம் பார்த்துவிட்டு மயங்கி விழுந்த பெண்ணுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்து, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள் என்பதை டாக்டரிடம் தேதி வாரியாக ஒப்பித்தவள் அவள். அந்த டாக்டர் "எந்த காலேஜ்ல நர்சிங் படிக்கறே?" என்று கேட்டுவிட்டார். ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் கேட்ட கேள்வி. அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

பத்தில் தேறினால்தான் அந்த குரூப். தனசேகர் கோபக்காரர் இல்லை. ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பாஸ் பண்ணா படிக்கட்டும் கலா. பெயிலாச்சுன்னா இன்னொரு தபா அட்டெம்ப்ட் அது இதுன்னு கொழந்தைய போட்டு வதைக்காத. பத்து வருசமா அது படற பாட்ட பாத்துகினுதானே கீறேன். தையல் கிளாஸ்ல சேத்துடலாம்."

தையல் நல்ல தொழில்தான். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் வினோ எழுந்து மாடிக்குப் போனதை நான் பார்த்தேன்.

அதனால்தான் நான் வெறி பிடித்த மாதிரி இறங்கினேன். தினமும் சமையல்கட்டிலேயே மாதிரித் தேர்வு. நான் கேள்வியைப் படிப்பேன், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொல்வாள், நான் எழுதுவேன். மேரி டீச்சர் திருத்துவார். அறுபத்தெட்டு! எழுபது! எழுபத்திரண்டு! நான் தெருவுக்கே பூந்தி கொடுத்தேன். மாடிப் பெண்கள் கைதட்டினார்கள். தனசேகர்கூட பஸ்ஸில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போனதாகத் தகவல்.

மதுரமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்கு நான் போக வேண்டி வந்தது. ஒரு நாள் சும்மா போக வேண்டாமே என்று, பி ஷிப்டுக்குப் போகவிருந்த இசக்கியிடம் "வினோ சொல்றத எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்தது பத்தொன்பது.

பதினோரு ஆகவே

இப்போது சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். டீச்சர் சொன்னபடி சத்தமாகப் படித்தேன்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? இசக்கி எழுதியது: 'அது தண்ணியும் காத்தும் பட்டா நம்ம கேட்டுல வருமே அது மாதிரி செவப்பா ஆயிடும் அது இன்னா ம் ஆக்சிஜன் அதுகூட சேந்துகினு அதான்.'

அடுத்தது என் கையெழுத்து: 'இரும்பு, ஈரக்காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. ஆகவே, அதன் மேற்பரப்பில் செம்பழுப்பு நிறப் படிவு உண்டாகிறது. இதுவே துரு எனப்படும்.'

"நல்லாத்தானே கீது?" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு. இந்தக் கட்டுல பதினோரு இடத்துல 'ஆகவே' இருக்கு கலா. நான் எண்ணிப் பார்த்தேன். வினோ வாயில இருந்து ஆகவேன்னு ஒரு வார்த்தை எப்பவாச்சும் வந்து கேட்டிருக்கியா?"

நான் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள். முடித்த மூன்றாம் மாதம் கல்யாணம். அதற்கப்புறம் எனக்கு யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை நாளாக வெங்காயம் உரித்தவள் அவள், பரீட்சை எழுதியவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. அவள் பாதி சொன்னால் மீதி எனக்கு வந்துவிடும். கை தானாக ஓடும்.

வினோ கதவோரம் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"எனக்குத் தெரியும்மா. நான் பேச்ச நிறுத்தினாகூட உன் பேனா ஓடிகினே இருக்கும்."

"ஏன்டி சொல்லல?"

"நீ அவ்ளோ குஷியா இருந்தியா... எப்டி சொல்றது?"

எனக்கு வந்த அழுகையை முருங்கைக்காய் மேல் போட முடியாது. எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் மாடிப்படியில் இசக்கி யூனிபார்மோடு இறங்கிக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண். சங்கரன்கோவில் பக்கம். நேற்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"இசக்கி, நான் பேசினது தப்பும்மா" என்றேன்.

"விடுங்கக்கா. அவ சொன்னத எழுதச் சொன்னிய, எழுதுனேன். ஒரு எழுத்து கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. கம்பெனில அப்படித்தான பழக்கியிருக்காவ."

மேரி டீச்சர் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "என்ன சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு!"

லைனில் தொங்கும் அட்டை

இசக்கி சொன்னது இதுதான். போன்களை வரிசையாகப் பொருத்தும் அவர்கள் லைனில் ஒவ்வொருவர் உட்காரும் இடத்துக்கு முன்னாலும் ஓர் அட்டை தொங்கும். ஒன்று, இதை எடு. இரண்டு, இப்படித் திருப்பிப் பார். மூன்று, இங்கே வை. அதில் உள்ளதைத்தான் செய்ய வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில், நல்லது செய்வதாக நினைத்துத் தானாக ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கொஞ்சம் முடுக்கியிருக்கிறாள். சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிட்டாராம்.

"அட்டைய எழுதுறவன் ஒழுங்கா எழுதியிருந்தாம்னா, நம்ம ஒண்ணும் யோசிக்காண்டாம்க்கா. புதுசா வந்தவகூட சரியாச் செஞ்சிருவா. வினோவும் அப்படிச் சொன்னா என்ன? அவ அட்டை, நாங்க லைனு!"

டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இசக்கி ஓடினாள்.

அன்று சாயங்காலமே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினோம். பி ஷிப்டுப் பெண்கள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எழுதுவார்கள். ஏ ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை. தினமும் வேறு வேறு ஆள், ஏனென்றால் நிஜப் பரீட்சையில் எழுதப்போவதும் முன்பின் தெரியாத ஆள்தான். சட்டம் ஒன்றே ஒன்று: வினோ சொன்னதை மட்டும் எழுது. சொல்லாததை எழுதாதே. அவள் வாயை மூடினால் பேனாவையும் மூடு. சட்டத்துக்குக் கீழே மேரி டீச்சர் இன்னொரு வரி சேர்த்தார்: எழுதும்போது கலா சாப்பாட்டு அறைக்குள் வரக் கூடாது.

முதல் நாள் கணக்கை மறக்கவே முடியாது. மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் இருபது. வினோ வழக்கம்போல, "அந்த அஞ்ச அந்தாண்ட தூக்கிப் போடு" என்றாள். இசக்கி தலை நிமிராமல், விடைத்தாளில் 'அந்த அஞ்ச அந்தாண்ட தூக்கிப் போடு' என்று முத்து முத்தாக எழுதி வைத்துவிட்டாள்.

மாடியே சிரித்தது. தர்மபுரி மல்லிகா என்று ஒரு பெண், சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வினோவுக்கு முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவாளோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

"அத அடிச்சிடு இசக்கிக்கா. புது வரி. மூணு. எக்ஸ். சமக் குறி. இருபது. கழித்தல் குறி. அஞ்சு. எழுதிட்டியா? அடுத்த வரி."

"எழுதிட்டேன் தாயி. சொல்லு!"

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை. துருப்பிடிக்கும் கேள்வியை அவள் அட்டை மாதிரி பிரித்தாள். "ஒண்ணு, இரும்புல தண்ணி படும். முற்றுப்புள்ளி. ரெண்டு, காத்துல கீற ஆக்சிஜன் அதோட சேரும். முற்றுப்புள்ளி. மூணு, சேந்தா வர்றது இரும்பு ஆக்சைடு. முற்றுப்புள்ளி. அதுதான் துரு." டீச்சர் அந்த 'கீற'வை மட்டும் 'இருக்கிற' என்று சொல்லப் பழக்கினார். மற்றதெல்லாம் அவளுடையது.

என் பாடுதான் திண்டாட்டம். சமையல்கட்டில் நின்றுகொண்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஒரு நாள் தாங்க முடியாமல் "முற்றுப்புள்ளி வைடீ!" என்று கத்திவிட்டேன். மல்லிகா வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அக்கா, உங்களுக்கு வாய் சும்மா இருக்காது. இங்கயே இருங்க." என் வீட்டிலிருந்து என்னையே வெளியேற்றிய முதல் வாடகைக்காரி அவள்தான்.

இருபத்திநான்கு. முப்பத்தொன்று. இருபத்தொன்பது, அன்றைக்கு எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டோம். பிறகு முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு வந்த சாயங்காலம் மாடியில் எழுந்த கூச்சலைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு ஓடிவந்தார்.

எழுபத்திரண்டுக்கு நான் கொடுத்த பூந்தியைவிட இந்த முப்பத்தெட்டு இனித்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

தனி அறை

கணக்குப் பரீட்சை நாள். தேர்வு மையம் ஸ்ரீபெரும்புதூரில். நானும் வினோவும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து ஒரு ஹாரன். நிறுத்தாமல், விடாமல், ஊரைக் கூட்டும் ஹாரன். தனசேகரின் கம்பெனி பஸ், அன்றைக்கு எங்கள் பெண்களுக்கு ஒன்பது மணி ஜெனரல் ஷிப்டு. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள், துப்பட்டாக்கள். "வினோ! அட்டை! அட்டைய மறந்துராத!" என்று இசக்கியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பஸ் நிற்க முடியாது, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் வரும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். வெளியே எட்டிப் பார்த்து, "பயப்படாத கண்ணு!" என்றார். தையல் கிளாஸ் என்று சொன்ன அதே வாய். வினோ கையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போனாள்.

அவளுக்குத் தனி அறை. எழுத வந்தவர் வேறு ஊர்ப் பள்ளியின் ஓவிய ஆசிரியை. கண்டிப்பான முகம், மூக்கு நுனியில் கண்ணாடி. கேட் மூடியது.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் மணி அடித்ததும் வெளியே வந்து, அம்மாக்களோடு தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்கள். வினோவுக்கு இன்னும் ஒரு மணி நேரம். வெயிலில் நானும் ஓர் ஐஸ் வண்டிக்காரரும் மட்டும். "இன்னாம்மா, உம் பொண்ணு வரலியா?" என்றார். "அவளுக்கு இன்னும் பேச வேண்டியது கீது" என்றேன்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஓவிய ஆசிரியை கைவிரல்களை நீவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அம்மாவா? உங்க பொண்ணு என்ன வேலை வாங்கிட்டா பாருங்க! ஒரு கணக்குல, ரெண்டு வரி போதுமேன்னு நான் நடுவுல ஒண்ண விட்டுட்டேன். நல்லதுக்குன்னுதான் நினைச்சேன். 'டீச்சர், நான் மூணு வரி சொன்னேன், நீங்க ரெண்டுதான் எழுதியிருக்கீங்க'ங்கறா. படிக்கத் தெரியாத பொண்ணுன்னு சொன்னாங்க. வரிய எண்ணிகிட்டே இருந்திருக்கா!"

"எப்படி டீச்சர் செஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாது" என்றார். கண்ணாடிக்கு மேலாக வினோவைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா எழுதினதுல ஒண்ணுகூட என்னுது இல்ல."

பஸ் ஏறும் வரை வினோ பேசினாள். ஏறிய பிறகும் பேசினாள். சுங்குவார்சத்திரத்தில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அந்த வெயிலில் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்து வந்தோம்.

நான் எழுதிய கடைசிப் பதில்

ரிசல்ட் வந்த அன்று ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் மூச்சுவிட இடமில்லை. வாராந்திர லீவு என்பதால் இசக்கியும் கூட வந்திருந்தாள். வினோவின் தேர்வு எண்ணைத் தட்டியதும் திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றது. பிறகு வந்தது. அறிவியல் ஐம்பத்தொன்று. கணக்கு நாற்பத்திமூன்று. ஆங்கிலத்தில் அச்சுப் பிசகாமல் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்துக்கு இசக்கி போட்ட குலவையில் கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவர் வீட்டில்கூட அப்படிக் குலவை கேட்டிருக்காது.

அடுத்த வாரம் பிளஸ் ஒன் விண்ணப்பம். பள்ளி அலுவலகத்து ஜன்னலில் நீண்ட வரிசை. அவள் எழுதினால் நேரமாகும் என்று நான் பேனாவை எடுத்தேன். பெயர், பிறந்த தேதி, கேட்கும் பாடப்பிரிவு எல்லாம் வினோ சொன்னாள், நான் எழுதினேன். கீழே ஒரு கட்டம்: 'ஏதேனும் குறைபாடு இருப்பின் அதன் விவரம்.'

என் கை உடனே ஓடப் பார்த்தது. சர்ட்டிபிகேட்டில் இருந்த நீளமான வாசகம் எனக்கு மனப்பாடம்.

"இரும்மா" என்றாள் வினோ. கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசையில் யாரோ முனகினார்கள். நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எழுது. எனக்கு எழுத லேட்டாகும். முற்றுப்புள்ளி. கேட்டா பதில் சொல்லுவேன். முற்றுப்புள்ளி."

எழுதினேன்.

ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் அதையும், கூட இணைத்திருந்த சர்ட்டிபிகேட்டையும் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா. டிஸ்லெக்சியான்னு ஒரு வார்த்தை போட்டா போதும். அடிச்சிட்டு மாத்திக் குடுங்க."

"அவ சொன்னத நான் மாத்தறதில்ல சார்" என்றேன். "மாத்தணும்னா அவளைக் கேளுங்க. பதில் சொல்லுவா."